அண்ணன் டிஸ்க், தம்பி டிஸ்க்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்ற பதவி எனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே கிடைத்துவிட்டது. மாத்திரை அட்டை, அப்பா வேலை செய்த இரும்புக் கம்பெனியில் ஒட்டச் சொல்லிக் கொடுக்கும் எச்சரிக்கைத் தாள், சோப்பு உறையின் பின்பக்கம் என்று எதுவானாலும் என் முன்னால் நீட்டுவார்கள். நான் உரக்கப் படிப்பேன். பாதிக்கு மேல் அர்த்தம் தெரியாது. அதற்காகக் குரலைத் தாழ்த்தியதில்லை. அப்பா பள்ளிக்கூடத்தின் உள்ளே போனதில்லை. அம்மா கையெழுத்து மட்டும் போடுவாள். சித்தப்பா ஏழாவதில் நின்றவர். பை மாட்டிக்கொண்டு தொடர்ந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதை, யாராவது மறந்துவிட்டால் நானே ஞாபகப்படுத்துவேன்.

புதுவாயல் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஊரில், ஷீட் கூரை போட்ட ஒரே வீட்டில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, சித்தி. சித்தப்பாவும் முதலில் அப்பாவோடு கும்மிடிப்பூண்டிக் கம்பெனிக்குத்தான் போய்வந்தார். நெருப்புக்கு முன்னால் நிற்க உடம்பு ஒத்துக்கொள்ளாமல், ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் செய்யக் கற்றுக்கொண்டார். அப்பா ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். அது நடு அறையில் வந்து உட்கார்ந்தது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் எங்கள் நடு அறையில்தான் தயாராகின. சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் எந்தப் பட்டன் எந்த மூலையில் இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். திரையில் புதிதாக ஏதாவது ஒரு பெட்டி எழும்பினால் மட்டும் "பாப்பா!" என்று கத்துவார். நான் ஓடுவேன்.

அந்த வருஷம் அம்மாவுக்கும் சித்திக்கும் சண்டை வந்தது. எதற்கு என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. இப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கொடியில் காய்ந்த துணியை யார் எடுப்பது என்று ஒரு நாள் ஆரம்பித்தது. மறுநாள் அது சித்தியின் அப்பா எப்போதோ ஒரு விசேஷத்தில் சொன்ன வார்த்தையைப் பற்றியதாக இருந்தது. துணியிலிருந்து அங்கே எந்த வழியாகப் போனார்கள் என்று நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் ஊத்துக்கோட்டையில், சித்தியின் பிறந்த ஊரில், அவளுடைய அப்பா ஒரு கடை பிடித்துக் கொடுக்க, சித்தப்பா தனியாகப் போவதென்று ஆயிற்று.

பாத்திரங்கள் சத்தமில்லாமல் பிரிந்தன. கம்ப்யூட்டர்தான் இழுத்தது. சித்தப்பாவின் பிழைப்பு அந்தப் பெட்டியில் இருந்தது. எங்கள் வீட்டுப் போட்டோக்கள் அத்தனையும் அதே பெட்டிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன.

"பொட்டிய எடுத்துக்கினு போவட்டும். போட்டோ இந்த ஊட்டத் தாண்டக் கூடாது, சொல்ட்டேன்" என்றாள் அம்மா.

"யாரு உங்க போட்டோவத் தூக்கிக்கினு ஓடறா? எங்க கல்யாணப் போட்டோவும் அதுலதான் கீது. நான் கேட்டனா?" என்றாள் சித்தி.

அப்பா தீர்ப்பு சொன்னார். பெட்டி தம்பிக்கு, டிஸ்க் அண்ணனுக்கு. சித்தப்பா புதிதாக எஸ்.எஸ்.டி. என்ற டிஸ்க் ஒன்று வாங்கி அந்தப் பெட்டியில் மாட்டி, அதில் ஓ.எஸ். போட்டுக்கொள்ள வேண்டும். பழைய டிஸ்க்கை மாட்டிக்கொள்ள எங்களுக்கு டிஸ்க் இல்லாத ஒரு பழைய பெட்டியைப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

"ஓ.எஸ்.னா இன்னா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"அது இல்லன்னா கம்ப்யூட்டரு கண்ணு முழிக்காது பாப்பா. கரண்டு குடிச்சிக்கினு சும்மா படுத்துக் கெடக்கும்" என்றார்.

புதிய டிஸ்க் வந்தபோது வீடே ஏமாந்துவிட்டது. சோப்பு டப்பா மூடி அளவுகூட இல்லை. கனமும் இல்லை. அம்மா அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்ல போலயே?" என்றாள். புதுவாயலில் ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம்தான் சித்தப்பா அதை வாங்கியிருந்தார். ஓ.எஸ். ஏற்றிய ஒரு பென் டிரைவையும் கொடுத்து, அவர் ஒரே ஒரு புத்திமதி சொல்லி அனுப்பியிருந்தார். பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் மாட்டி ஓ.எஸ். போட வேண்டும். முடிந்த பிறகு வேண்டுமானால் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

சித்தி நாள் பார்த்தாள். வெள்ளிக்கிழமை. சித்தப்பா காலையிலேயே பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்துவைத்துவிட்டார். ஆனால் ராகு காலம் நடந்துகொண்டிருந்ததால் ஒன்றையும் தொடாமல், பல் பிடுங்க வந்தவரைப் போல உள்ளே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ராகு காலம் முடிந்தது. சித்தி புதிய டிஸ்க்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். சித்தப்பா திருப்புளியை எடுத்துக்கொண்டு பழைய டிஸ்க்கின் வயரில் கை வைத்தார்.

"இன்னா பண்ற?" என்று அம்மா கத்தினாள். "நல்ல நேரத்துல கழட்டறியா?"

"கடக்காரன் சொன்னான் அண்ணி. இதக் கழட்டிட்டுத்தான்..."

"கழட்டறதுன்னா நேத்தே கழட்டி வெச்சிருக்கணும். நல்ல நேரத்துல மாட்டுவாங்களா, புடுங்குவாங்களா? அதுவும் அண்ணனோடத?"

சித்தப்பா உதவிக்குச் சித்தியைப் பார்த்தார். வாரக்கணக்கில் அம்மா ஆமாம் என்றதற்கெல்லாம் இல்லை என்றே சொல்லிவந்த சித்தி, "அக்கா சொல்றது கரெக்டு. வயரு மேல கை வெக்காத" என்றாள்.

அப்பா சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நாங்கள் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. அதைக் கெடுக்க யாருக்கும் துணிவில்லை. பழைய டிஸ்க் மாட்டியபடியே இருக்க, பக்கத்தில் புதியதை மாட்டினார் சித்தப்பா. பெட்டிக்குக் கற்பூரம் காட்டினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் கை கால் கழுவி வந்து திரைக்கு முன்னால் நின்றேன். எங்கே ஓ.எஸ். போடுவது என்று திரை கேட்டது. கீழே இரண்டு டிஸ்க்குகளின் வரிகள். பெயர் எதுவும் இல்லை, எவ்வளவு பிடிக்கும் என்ற எண்கள் மட்டும். தப்பான வரியைத் தொட்டால் போட்டோ எல்லாம் போய்விடும் என்று சித்தப்பா சொன்னதும் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எது சின்ன நம்பரு பாப்பா?"

"கீழ இருக்கறது."

"அதான் நம்மளுது."

"புதுசு எப்படிடா சின்னதா இருக்கும்?" என்றாள் அம்மா. "புதுசுதான் பெருசா இருக்கும். நல்லாப் பாரு."

"இது அளவுல சின்னது, வேகம் ஜாஸ்தி. உங்கள மாதிரி அண்ணி."

அம்மா குள்ளம். சிரிப்பு வந்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். சித்தப்பா அந்த வரியை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். நான் எண்ணை எழுத்துக்கூட்டிக்கூட வாசித்தேன். அழுத்தினார். பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று நான் அறிவிக்க, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்து என்ன மேட்ச் என்று கேட்டார்கள்.

கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தபோது திரையில் இரண்டு வரிகள் வந்தன. புதிய ஓ.எஸ். ஒன்று, பழைய ஓ.எஸ். ஒன்று. எது வேண்டும் என்று கேட்டது. புதியதைத் தொட்டால் சித்தப்பாவுடையது திறந்தது. பழையதைத் தொட்டால் எங்கள் போட்டோக்கள் பத்திரமாக இருந்தன.

"பாத்தீங்களா அண்ணி, ஒரே ஊட்ல ரெண்டு குடித்தனம். சண்டையே இல்ல" என்றார் சித்தப்பா. யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்துவிட்டு, ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று சுற்றிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் சாமான்களை ஏற்ற குட்டி யானை வண்டி வந்தது. ஏற்றுவதற்கு முன் சித்தப்பா பழைய டிஸ்க்கைக் கழற்றி இரண்டு கையாலும் அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எங்களுக்கென்று வந்த பழைய பெட்டியில் அதை மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா வண்டியில் ஏறினார்.

இரண்டு நாள் கழித்து அம்மாவின் போனில் சித்தப்பா கூப்பிட்டார். என்னைத்தான் கேட்டார்.

"பாப்பா, கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளையா எழுத்து வருது. சொல்றேன், இன்னா அர்த்தம்னு சொல்லு." ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் சேர்த்துப் பார்த்தேன்.

"கெளம்பறதுக்கு எந்தக் கருவியும் இல்லையாம் சித்தப்பா."

"கருவி இல்லாம? கண்ணு முன்னாடி கீது, நேத்து துணியால தொடச்சேன்!"

"அப்டித்தான் போட்டிருக்கு."

கடையின் முதல் ஆர்டர் ஒரு மஞ்சள் நீராட்டு பேனர். மறுநாள் சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த ஊரில் இரண்டாவது ஆர்டர் வராது. மாமனாரின் நெல் மண்டியில் மூட்டை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சித்தியின் அப்பா.

"உங்க அண்ணன் நல்லா வேல பண்ணி அனுப்பிச்சிகீறாரு மாப்ள. உயிர எடுத்து வெச்சிக்கினு வெறும் பொட்டியக் குடுத்துட்டாரு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். சித்தப்பா ஏதாவது பதில் சொல்வார் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு போனும் நின்றுவிட்டது.

நான் எங்கள் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். அது வழக்கம்போல எழுந்து, இரண்டில் எது வேண்டும் என்று கேட்டது. சித்தப்பாவின் டிஸ்க் ஊத்துக்கோட்டைக்குப் போய்விட்டது, ஆனால் அதன் வரி இங்கே இருந்தது. அதைத் தொட்டேன், ஏதோ காணவில்லை என்றது. இங்கே பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. அங்கே ஆள் இருக்கிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. உயிரை எடுத்துவைத்துக்கொண்டார் என்று அந்தத் தாத்தா சொன்னாரே, அது உண்மையாக இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அப்பாவுக்கு டிஸ்க்கிலிருந்து உயிரை எடுக்கத் தெரியாது. பென் டிரைவை எந்தப் பக்கம் செருகுவது என்றே தெரியாது.

அப்பா வேலை முடிந்து வந்ததும் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். திருடன் பட்டம் கட்டிவிட்டார்கள் என்று அழுதாள். அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"அவன் இன்னா சொன்னான்?"

"அவன் ஒண்ணுமே சொல்லல. அதான் பேஜாரா கீது."

அப்பா சட்டையைக்கூட மாற்றவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து படுத்துவிட்டார்.

காலையில் விடுப்பு சொல்லிவிட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். திரையைப் படிக்க ஆள் வேண்டுமே. முதலில் புதுவாயல் ரிப்பேர் கடைக்குப் போனோம். நடந்ததை நான்தான் விளக்கினேன். இரண்டு வரிகள் வருவதைச் சொன்னதும் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கழட்டிட்டுப் போடுன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னனே! போடும்போது ரெண்டும் மாட்டியிருந்துதா?"

"நல்ல நேரம். கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார் அப்பா.

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். ஓ.எஸ். புதிய டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஆனால் அதை எழுப்பிவிடுகிற சின்னப் பகுதி, பழைய டிஸ்க் கூடவே இருந்ததால் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அண்ணன் டிஸ்க் பக்கத்தில் இல்லாமல் தம்பி டிஸ்க் எழாது.

"இது பெரிய விஷயமே இல்லண்ணா. அந்தப் பொட்டியக் கொண்டாரச் சொல்லு, இல்ல நானே போன்ல சொல்றேன். எழுப்பற பகுதிய அந்தப் புது டிஸ்க்குலயே எழுதிட்டா முடிஞ்சிது. ஒரு டீ குடிக்கிற நேரம். அப்பறம் உங்குது உனக்கு, அவங்குது அவனுக்கு."

"அப்டிப் பண்ணலன்னா?"

"பண்ணலன்னா இந்த டிஸ்க்க அங்க மாட்டு. ஓடும். ஆனா எப்பவும் அங்கயே இருக்கணும்."

"எப்பவும் அங்கயே இருக்கணுமா?"

"ஆமாண்ணா, அதுக்குத்தான் சொல்றேன், டீ குடிக்கிற நேரத்துல..."

"எடுத்தா ஓடாதா?" என்று அப்பா மறுபடி கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சுலபமான வழியை விட்டுவிட்டு அப்பா வேறு எதையோ பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கிறார். "பாத்துக்கலாம்பா" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அப்பா பையை எடுத்துக்கொண்டார்.

பெரியபாளையத்தில் பஸ் மாறி ஊத்துக்கோட்டை போய்ச் சேர்ந்தோம். கடைக்கு வெளியே நாற்காலி போட்டுச் சித்தியின் அப்பா உட்கார்ந்திருந்தார். "வாங்க சம்மந்தி" என்றார், எழுந்திருக்காமல். உள்ளே சித்தப்பா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்துபோட்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் எழுந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணா, நான் ஒண்ணும் சொல்லலண்ணா."

"தெரியும்டா. ஒண்ணும் சொல்லல நீ" என்றார் அப்பா. துண்டைப் பிரித்து டிஸ்க்கை நீட்டினார். "மாட்டு."

சித்தப்பா மாட்டினார். வயர் இரண்டு முறை நழுவியது. சித்தி உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றாள். பெட்டி சத்தம் போட்டது, திரை கறுத்தது. பிறகு அந்த இரண்டு வரிகள் வந்தன. நான் சத்தமாகப் படித்தேன். சித்தப்பா புதியதைத் தொட்டார். அவருடைய திரை, பின்னால் பச்சை வயல் படத்தோடு, திறந்துகொண்டது. சித்தியின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்.

சித்தப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். "அப்போ உங்குது இல்லாம எங்குது ஓடாதாண்ணா?"

"ஓடாதாம்டா" என்றார் அப்பா. "கடக்காரன் கிட்டக் கேட்டுட்டேன். ஒண்ணும் பண்ண முடியாதாம். இது இங்கயேதான் இருக்கணுமாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்லப்பா, அவரு டீ குடிக்கிற..."

"டீயா வேணும்? ஏம்மா, பாப்பாவுக்கு டீ வேணுமாம்" என்று அப்பா உரக்கச் சொன்னார். சித்தி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். டீ வேண்டாம் என்று சொன்னேன். அப்படியென்றால் பால் குடி என்றாள். நான் சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை. வெளியே அப்பாவின் குரல் கேட்டது. "போட்டோ பாக்கணும்னா நாங்க வந்து பாத்துக்கறோம். மாசத்துக்கு ஒரு வாட்டி வந்தா ஆவாது?" சித்தப்பா என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. நான் பாலோடு திரும்பி வந்தபோது அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மஞ்சள் நீராட்டுப் பெண்ணின் பெயரை டைப் செய்துகொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா காலிப் பையைத் திருப்பிப் பார்த்தாள்.

"டிஸ்க்கு எங்க?"

"அங்கதான் இருக்கணுமாம். போட்டோ பாக்கணும்னா போய்ப் பாக்க வேண்டியதுதான்."

"அவ ஊட்டு வாசப்படிய நான் மிதிக்கணுமா?"

"நீ மிதிக்காத. நானும் பாப்பாவும் போறோம். உன் கல்யாணப் போட்டோவ நாங்க பாத்துட்டு வந்து, எப்டிக் கீதுன்னு சொல்றோம்."

அம்மா பையை உதறி ஆணியில் மாட்டினாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "போறதுன்னா கைய வீசிக்கினா போவாங்க? கருவாட்டுக் கொழம்பாவது வெச்சி எடுத்துக்கினு போவணும்" என்றாள்.

எனக்கு இதெல்லாம் தாங்கவில்லை. கடைக்காரர் அவ்வளவு தெளிவாகச் சொன்னதை அப்பா தப்பாகப் புரிந்துகொண்டு, அதைச் சித்தப்பாவிடமும் சொல்லி, எங்கள் டிஸ்க்கையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார். என்மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் சரியாகத்தான் கேட்டேன். ஒரு காகிதம் எடுத்து இரண்டு கட்டம் போட்டேன். ஒன்றில் அப்பா, ஒன்றில் சித்தப்பா. அப்பாவின் கட்டத்துக்குள் சின்னதாக ஒரு வட்டம்.

"நல்லாக் கேட்டுக்கோப்பா. இந்த வட்டத்த இங்க எழுதிட்டாப் போதும். டீ குடிக்கிற நேரம்தான். அப்பறம் நம்ம டிஸ்க்க எடுத்துக்கினு வந்துடலாம்."

அப்பா காகிதத்தை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் கவனமாகப் பார்த்தார். "அப்டியா?" என்றார். "எனக்குப் புரியலயே பாப்பா. இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். தலையைச் சொறிந்தார். "கம்ப்யூட்டரு விஷயம். நமக்கு எங்க ஏறுது?" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். படிக்காதவர்களிடம் கோபப்படக் கூடாது, பொறுமை வேண்டும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். நான் புதுக் காகிதம் எடுத்து, கட்டங்களை இன்னும் பெரிதாகப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.